41 மில்லிநொடிக் கெடு

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது 41.7 மில்லிநொடி. டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து வைத்திருக்கும் வீட்டுக் கணினி, அந்த இடைவெளிக்குள் ஒரு முழுப் படத்தின் தரவை ஃபைலில் இருந்து எடுத்து, சுருக்கத்தைப் பிரித்து, நிறம் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பிய கையோடு அடுத்தது. இரண்டரை மணி நேரப் படத்தில் இதை 2,16,000 தடவை செய்கிறது. ஒரு தடவை கெடு தவறினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடர்ந்து தவறினால், "என்னப்பா, விட்டு விட்டு வருது?" என்று சோபாவில் இருந்து குரல் கேட்கும்.

அடுத்த பேச்சு பெரும்பாலும் "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்பதாக இருக்கும். பல வீடுகளில் இது அவசரத் தீர்ப்பு. வீடியோ திணறுவதற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் திணறும் விதம் வேறு. அந்த விதத்தைக் கவனித்தாலே கெடு எந்த இடத்தில் தவறுகிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் அந்தக் கவனிப்பைச் செய்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். படம் திக்கும்போது ஒலி என்ன செய்கிறது?

வீடியோ பிளேயர்கள் பெரும்பாலும் ஒலியைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்கின்றன. படத்தில் ஒரு ஃப்ரேம் குறைந்தால் மூளை பொறுத்துக்கொள்கிறது. ஒலியில் நூறில் ஒரு பங்கு நொடி அறுந்தாலும் 'டப்' என்று காதில் அறைகிறது. அதனால் பிளேயர் ஒலியை இடைவிடாமல் ஓடவிட்டு, அதற்கு ஈடுகொடுக்க முடியாத ஃப்ரேம்களைக் கீழே போட்டுவிடுகிறது. ஒலியும் உதட்டசைவும் எவ்வளவு விலகினால் மனிதருக்குத் தெரியும் என்பதற்கு ஐடியு என்னும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எல்லை குறித்திருக்கிறது: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது!

ஆகவே, பாட்டு தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருக்க, நடனம் மட்டும் புகைப்பட ஆல்பம் புரட்டுவதுபோல் நகர்ந்தால், தரவு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அதைப் பிரிக்கும் வேலைதான் பின்தங்குகிறது என்று பொருள். படமும் பாட்டும் சேர்ந்தே நின்று, வட்டம் சுற்றி, பிறகு இரண்டும் சேர்ந்தே கிளம்பினால் தரவு வந்து சேரவில்லை. வைஃபையையோ ஹார்ட்டிஸ்கையோ பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக ஓடியும், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேசாக உதறினால், அது டிவியோடு வரும் கணக்குத் தகராறு. முதல் வகைதான் வீடுகளில் அதிகம். அதைப் புரிந்துகொள்ளச் சுருக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஃபுல் எச்டி படம் ஒன்றில் 1920-க்கு 1080 என்று 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி, நொடிக்கு 149 எம்பி. இரண்டரை மணி நேரப் படத்தை அப்படியே சேமித்தால் 1.3 டெராபைட்டைத் தாண்டும். நம்மிடம் இருக்கும் ஃபைலோ சில ஜிபி. நூற்றுக்கணக்கான மடங்கு சுருக்கியிருக்கிறார்கள்.

சுருக்கத்தின் அடியில் இருக்கும் கணிதத்துக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்று பெயர். சிறு சதுரத்துக்குள் இருக்கும் புள்ளிகளை மென்மையான அலைகளாகவும் வேகமான அலைகளாகவும் பிரித்து, கண் கவலைப்படாத வேகமான அலைகளைத் தள்ளிவிடும் முறை அது. 1974 ஜனவரியில் அதை வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்த இந்தியர்கள். பெங்களூரில் பிறந்தவர் அகமது. ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். ஜேபெக் படத்தில் இருந்து யூடியூப் வரை இன்று நாம் பார்க்கும் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு கட்டுரையின் வழிவந்தவை. நம் பள்ளிப் பாடநூல்களில் இந்த மூன்று பெயர்களும் இடம்பெற வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொரு தந்திரம் காலத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். அதனால் எப்போதாவது ஒரு ஃப்ரேமை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, நடுவில் வருவதற்கெல்லாம் 'முந்தைய படத்தின் இந்தச் சதுரத்தை நாலு புள்ளி வலப்பக்கம் நகர்த்து, இவ்வளவு வித்தியாசத்தைச் சேர்' என்று குறிப்பு மட்டும் எழுதுகிறார்கள். முழுதாக எழுதியதற்குக் கீஃப்ரேம் என்று பெயர். படத்தை ஓட்டித் தள்ளும்போது ஒரு கணம் உறைந்து பிறகு கிளம்புகிறதே, அது பழுது ஆகாது. நீங்கள் கைவைத்த இடத்துக்கு முந்தைய கீஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து எல்லாக் குறிப்புகளையும் வரிசையாகச் செய்துகொண்டே வந்தால்தான் நீங்கள் கேட்ட படம் கிடைக்கும். பத்து நொடிக்கு ஒரு கீஃப்ரேம் என்று சுருக்கிய ஃபைலில் இது நன்றாகவே உறைக்கும்.

கோடெக் எனப்படும் சுருக்கும் முறைகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. எச்.264 2003-இல் வந்தது. ஹெச்இவிசி எனப்படும் எச்.265, 2013. யூடியூப் பயன்படுத்தும் விபி9-உம் அதே ஆண்டு. ஏவி1, 2018. ஒவ்வொரு தலைமுறையும் ஃபைலைச் சிறிதாக்கியது. பிரிக்கும் கணக்கைப் பெரிதாக்கியது. எச்.264-இல் 16-க்கு 16 புள்ளிச் சதுரமாகப் பார்த்ததை, ஹெச்இவிசி 64-க்கு 64 வரை எடுத்து, தேவைக்கேற்ப உள்ளே வெட்டிக்கொண்டே போகிறது. இதோடு 4கே வேறு சேர்ந்தால் புள்ளிகள் நாலு மடங்கு, 82,94,400. ஃபோன்களில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்து எடுத்தால் கெடு 16.7 மில்லிநொடியாகச் சுருங்குகிறது.

இந்த வேலையை இரண்டு வழியில் செய்யலாம். புரோசஸர் மென்பொருளின் உத்தரவுப்படி ஒவ்வொரு கணக்காகப் போடலாம். அல்லது, கிராஃபிக்ஸ் பகுதிக்குள் இதற்கென்றே பதித்திருக்கும் டிகோடர் சர்க்யூட்டிடம் விட்டுவிடலாம். அந்தச் சர்க்யூட்டை முறுக்கு அச்சோடு ஒப்பிடலாம். கையால் சுற்றுகிறவர் எந்த வடிவமும் சுற்றுவார், நேரமாகும். அச்சு நொடியில் பிழிந்துவிடும், ஆனால் தட்டில் எந்தத் துளை வெட்டியிருக்கிறதோ அந்த வடிவம் மட்டும்தான் வரும். சர்க்யூட் வடிவமைத்த ஆண்டில் இருந்த கோடெக்குகள் மட்டுமே அதற்குத் தெரியும். பிறகு வந்தவற்றை எந்த அப்டேட்டாலும் அதற்குள் புகுத்த முடியாது.

இன்டெல் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2015-இல் வந்த 6ஆம் தலைமுறைச் சிப்கள் நிறம் ஒன்றுக்கு 8 பிட் என்று பதிவான ஹெச்இவிசியை முழுவதுமாக வன்பொருளில் பிரிக்கும். 10 பிட் ஹெச்இவிசிக்கும் விபி9-க்கும் முழு ஆதரவு அதற்கு அடுத்த 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1-க்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் ஒரு கணினி படம் ஓட்டும், இன்னொன்று ஓட்டாது. இரண்டும் எக்செல், டாலி எல்லாவற்றிலும் ஒரே வேகம்.

உறவினர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பெரியப்பாவின் கேள்வி நியாயமாகவே பட்டது: "ஒரே கல்யாணம், ஒரே கம்ப்யூட்டரு. தம்பி எடுத்தது தண்ணி மாதிரி ஓடுது. பாப்பா எடுத்தது மட்டும் ஏம்ப்பா இழுக்குது? ரெண்டும் 4கேதானே?" தம்பியுடையது பழைய ஆண்ட்ராய்டு ஃபோன். பாப்பாவுடையது புது ஐபோன். 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ வசதி பெட்டியில் இருந்து எடுக்கும்போதே இயக்கத்தில் இருக்கும். அது 10 பிட் ஹெச்இவிசியில் பதிவாகிறது. கணினி 6ஆம் தலைமுறை.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் தேர்ந்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைபடங்கள் வரும். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'வீடியோ டிகோட்'. தம்பியின் வீடியோ ஓடும்போது அந்தக் கட்டத்தில் கோடு மேலே எழும்பி நின்றது. புரோசஸர் சும்மா இருந்தது. பாப்பாவின் வீடியோவைப் போட்டதும் அந்தக் கோடு தரையில் படுத்துவிட்டது. புரோசஸர் வரைபடம் உச்சியில் முட்டியது, ஃபேன் இரைந்தது, மணமேடை திக்கித் திக்கி நகர்ந்தது. நாதஸ்வரம் மட்டும் பிசிறில்லாமல் கேட்டது. வேலை டிகோடருக்குப் போகாமல் புரோசஸர் தலையில் விழுந்திருக்கிறது என்று பெரியப்பாவுக்கே அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துப் புரிந்துவிட்டது.

தீர்வுக்குச் செலவே ஆகவில்லை. அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு நேரே டிவியில் செருகினோம், அழகாக ஓடியது. 4கே டிவிகளில் 10 பிட் ஹெச்இவிசி டிகோடர் அநேகமாக இருக்கும். கணினியிலேயே பார்க்க வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் 8 பிட் எச்.264-ஆக மாற்றி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஓடும், ஓடட்டும். அசல் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றும்போது போகும் நுணுக்கம் திரும்ப வராது.

கல்யாண வீடியோக்காரர் தரும் ஃபைல் இன்னொரு தொல்லை. இப்போதைய கேமராக்களில் 4:2:2 10 பிட் எச்.264 என்றொரு பதிவு முறை உண்டு. எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்த வசதியானது. வீட்டுக் கணினிகளின் டிகோடர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. புதுக் கணினிகள் பலவற்றிலும் அது புரோசஸரில்தான் ஓடும். வாங்கும்போதே "டிவியில் ஓடும் பிரதி ஒண்ணு 8 பிட்டில் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது.

டிகோடர் இருந்தும் பயன்படாமல் கிடக்கும் வீடுகளும் உண்டு. விண்டோஸைப் புதிதாக ஏற்றியபின் கிராஃபிக்ஸ் டிரைவரை ஏற்ற மறந்தால், டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். படம் தெரியும், வன்பொருள் டிகோடிங் நடக்காது. எல்லாமே மந்தமாக இருக்கும் கணினியில் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அணைந்திருந்தாலும் இதே கதி. யூடியூப் வீடியோவின் மேல் வலச் சொடுக்கு செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தால் எந்த கோடெக், எத்தனை ஃப்ரேம் விழுந்தது என்று காட்டும். ஏவி1-ஐத் தாங்காத கணினியில் அந்த எண் நொடிக்கு நொடி ஏறுவதைக் காணலாம். விஎல்சியில் கருவிகள் பட்டியலின் கோடெக் தகவல் பக்கத்தில் இதே கணக்கு உண்டு. எம்பிவி பிளேயரில் ஆங்கில ஐ விசையைத் தட்டினால் போதும்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம். 2019-இல் வந்த பை 4-இல் எச்.264, ஹெச்இவிசி இரண்டுக்கும் டிகோடர் இருந்தது. 2023-இல் வந்த பை 5-இல் எச்.264 டிகோடரை எடுத்துவிட்டார்கள், ஹெச்இவிசி மட்டும் உண்டு. புதிய புரோசஸர் பலமானது என்பதால் சாதாரண எச்.264 படங்களை மென்பொருளிலேயே ஓட்டிவிடுகிறது. ஆனாலும் 'புதுசு வாங்கினால் எல்லாமே மேலே' என்ற நம்பிக்கைக்கு இது நல்ல எதிர்ச்சான்று.

படம் முதல் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடி, அதற்குப் பிறகு திணற ஆரம்பிக்கிறதா? சூட்டைப் பாருங்கள். புரோசஸர் 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். டிவி ஸ்டாண்டின் கதவுக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸுக்கும் இன்வெர்ட்டர் ஒயருக்கும் நடுவே, நான்கு வருடத் தூசியோடு இருக்கும் கணினிக்கு அக்னி நட்சத்திரத்தில் மூச்சு முட்டுவதில் வியப்பில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு அதே படத்தை அதே இடத்தில் இருந்து ஓட்டிப் பாருங்கள். சரியானால், தூசியைத் தட்டி, புரோசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.

இனி படமும் ஒலியும் சேர்ந்து நிற்கும் வகை. ஹார்ட்டிஸ்கைப் பலர் சந்தேகிக்கிறார்கள், அது குற்றவாளியாவது அபூர்வம். சுழலும் பழைய டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி சாதாரணமாகக் கொடுக்கும். 4கே புளூரே டிஸ்க்குகளின் உச்சம் நொடிக்கு 128 மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 எம்பிதான். டிஸ்கில் கரகரவென்று சத்தம் வந்தால் மட்டும் உடனே வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள்.

வைஃபைதான் பெரும்பாலும் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் முப்பது ரவுட்டர் அந்த மூன்றைப் பங்குபோடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. படம் இருக்கும் கணினியும் பார்க்கும் பெட்டியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே தரவு காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒன்றையாவது லேன் கேபிளில் போட்டால் பாரம் பாதியாகும். அந்தக் கேபிளிலும் ஒரு சூட்சுமம்: ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நாலு போதும். முனையில் மீதி நாலில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டால் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடைப் பார்த்தால் தெரியும். சாதாரணப் படங்களுக்கு 100 தாராளம். 128 வரை எகிறும் 4கே புளூரே பிரதியின் சண்டைக் காட்சியில் மட்டும் வட்டம் சுற்றும்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே எதுவுமே கெட்டிருக்காது. விழுந்த ஃப்ரேம் பூஜ்யம், புரோசஸர் சும்மா, நெட் அருமை. ஆனாலும் கோபுரத்தை கேமரா மெதுவாக வருடிச் செல்லும் காட்சியில் உதறல் தெரிகிறது. டிவி நொடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. படத்திலோ 24 ஃப்ரேம். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது. ஆகவே ஒரு ஃப்ரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒன்று 50 மில்லிநொடி, அடுத்தது 33. சீராக நகரும் கோபுரம் நொண்டி நடக்கிறது. தியேட்டரில் இந்த நொண்டல் கிடையாது. கணினியின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 24-க்கு மாற்றினால் தீர்ந்தது. கோடி என்னும் வீடியோ பிளேயரில் படத்துக்கேற்பத் தானாக மாற்றும் வசதியே உண்டு.

அங்கும் ஒரு எச்சம். பல டிஜிட்டல் பிரதிகளில் வேகம் 24 இல்லை, 23.976. அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சித் தரம் வகுத்தபோது நிற அலை ஒலி அலையோடு இடிக்காமலிருக்க நொடிக்கு 30 ஃப்ரேம் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தக் குறைப்பு சினிமாப் பிரதிகள் வரை தொற்றிக்கொண்டது. 23.976 படத்தை 24-இல் காட்டினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு தடவை ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். கடிகாரம் வைத்ததுபோல் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தால், ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 23.976 இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கணினியை 4கே டிவியில் மாட்டுகிறவர்கள் எச்டிஎம்ஐ 1.4-ஐயும் சந்திப்பார்கள். அது 4கேயில் நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60-க்கு 2013-இல் வந்த 2.0 வேண்டும். மவுஸ் அம்பே இழுத்து இழுத்து நகர்ந்தால் இதுதான். கணினியை 1080-இல் 60-க்கு இறக்கி வைத்தால், பெரிதாக்கும் வேலையை டிவியே நன்றாகப் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெரிய புரோசஸரைத் தேடாதீர்கள். 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற, 6 வாட் அளவில் வடிவமைத்த சிறு சிப் போதும். 10 பிட் ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றுக்கும் அதில் டிகோடர் இருக்கிறது. கடைக்காரர் கோர் எண்ணிக்கையும் ரேமும் சொல்வார். நீங்கள் சிப்பின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, அது எந்தெந்தக் கோடெக்கை எத்தனை பிட் வரை வன்பொருளில் பிரிக்கும் என்ற அட்டவணையைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் வீட்டில் திணறிய அதே ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப் போய், கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.